ஏல விலைக் கருவியை ஏஐ ஏஜெண்டுக்கு விளக்க எந்த ஆவணம் நல்லது?

தேயிலை ஏலச் சராசரி, டொலர் மாற்று வீதம், பெருந்தோட்டக் கம்பனிகளின் பங்கு விலை, பணவீக்கம் ஆகிய நாலையும் ஒரே இடத்தில் எடுத்துத் தரும் சின்னக் கருவி ஒன்றை ஹட்டனில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறோம். இதுவரை அதைப் பாவித்தவர்கள் மனிதர்கள்: கொழுந்து வாங்கும் இடத்துக் கணக்காளர், சிறு தேயிலைத் தோட்டச் சங்கத்தின் பொருளாளர், பேராதனையில் பொருளியல் படிக்கும் பிள்ளைகள். இனி இவர்களில் பலர் கருவியை நேரே திறக்கப் போவதில்லை. போனில் இருக்கும் ஏஐ ஏஜெண்டிடம் தமிழில் கேட்பார்கள். அது எங்கள் கருவியைக் கூப்பிட்டு எண்ணை எடுத்துப் பதில் சொல்லும்.

அந்த ஏஜெண்டுக்கு இந்தக் கருவியை எப்படி விளக்கி எழுதி வைப்பது? கையில் நாலு வழி இருக்கிறது. மனிதர்களுக்காக ஏற்கெனவே எழுதிய கைநூலை அப்படியே கொடுத்துவிடலாம். ஏபிஐயை, அதாவது வேறு மென்பொருள்கள் எங்கள் கருவியைக் கூப்பிடும் வழியை, ஒரு பொது வடிவத்தில் விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ கோப்பு எழுதலாம். ஏஜெண்டுகளை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது முறையான எம்.சி.பி.யில் ஒரு சர்வர் போட்டு, ஏஜெண்ட் கூப்பிடக்கூடிய ஒவ்வொரு செயலுக்கும் (டூலுக்கும்) விளக்கம் எழுதலாம். ஒரு வேலையைச் செய்யும் முறையை ஏஜெண்டுக்குச் சொல்லும் ஸ்கில் கோப்பு எழுதலாம். நாலையும் எழுதிவிட்டால் போச்சு என்று சிலர் சொல்வார்கள். நாலு இடத்தில் எழுதினால் ஆறு மாதத்தில் நாலும் நாலு கதை சொல்லும். சின்னக் குழுவுக்கு அது கட்டுப்படியாகாது. ஒன்றைத் தலையாகப் பிடித்துக்கொண்டு மற்றதை அதிலிருந்து எடுக்க வேண்டும். எதைத் தலையாகப் பிடிப்பது என்பதுதான் முடிவு.

வழிகளைப் பார்க்கும் முன் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். தலவாக்கலையில் இருக்கும் ஒருவர் கேட்கிறார்: "நம்ம நுவரெலியா மாவட்டத்து பி.ஓ.பி. போன வாரம் ஏலத்துல என்ன விலை போச்சு?"

பி.ஓ.பி. என்பது ஒரு தேயிலைத் தரம். மலைநாட்டில் யாரும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்வி. ஆனால் இதில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. தலவாக்கலை, ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை எல்லாம் நிர்வாகப்படி நுவரெலியா மாவட்டம்தான். கொழும்பு ஏலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. 1883இல் தொடங்கிய அந்த ஏலத்துக்கு அதன் சொந்தப் பிரிவுகள் உண்டு. உயர்நிலத் தேயிலையைத் தரகர் அறிக்கைகள் வெஸ்டர்ன், நுவரெலியா, உடபுசல்லாவை, ஊவா என்று பிரிக்கின்றன. தலவாக்கலைத் தேயிலை வெஸ்டர்ன் பிரிவில் போகும். நுவரெலியா என்ற பிரிவு அந்த நகரைச் சுற்றிய உயரமான தோட்டங்களின் தேயிலைக்கு. பெயரைப் பார்த்துப் பொருத்தும் ஏஜெண்ட் நுவரெலியாப் பிரிவைத்தான் எடுக்கும். வரும் விலையும் பார்வைக்குப் பிழையாகத் தெரியாது. அதுதான் ஆபத்து.

இரண்டாவது, வெஸ்டர்ன் பிரிவுக்கே தரப்படி உட்பிரிவுகள் உண்டு: சிறந்தவை, அதற்கு அடுத்தவை, சாதாரணமானவை. ஊர்ப் பெயரை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. மூன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவது "போன வாரம்". ஏலம் வழக்கமாகச் செவ்வாய், புதன் நாட்களில் நடக்கும். புதன் காலையில் ஒருவர் கேட்டால் இந்த வார ஏலம் பாதியில் நிற்கும். எந்த ஏலத்தைச் சொல்கிறோம் என்பதை அந்த ஆண்டின் ஏல இலக்கத்தோடு சொன்னால்தான் குழப்பம் வராது.

மனிதர் என்றால் எண் கொஞ்சம் இடறினாலும் போன் எடுத்து "இது எந்த விலை?" என்று கேட்பார். ஏஜெண்ட் அநேகமாகக் கேட்காது. கிடைத்த எண்ணை வைத்து அழகான தமிழில் ஒரு வசனம் கட்டிவிடும். ஆகவே நாலு வழிகளிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எண்ணின் பொருள் ஏஜெண்ட் தப்பவே முடியாத இடத்தில் நிற்கிறதா?

கைநூலும் ஓப்பன்ஏபிஐயும்

கைநூலை அப்படியே கொடுப்பது மலிவான வழி. ஏற்கெனவே இருக்கிறது, மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் போதும். இணையத்தில் போட்டுவிட்டு, எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எல்.எல்.எம்.எஸ். டெக்ஸ்ட் கோப்பு ஒன்றும் வைக்கலாம். 2024 செப்டெம்பரில் ஜெரமி ஹவர்ட் முன்வைத்த யோசனை அது. எங்கள் கருவியைத் தன் நிரலோடு இணைக்கும் ஒரு புரோகிராமரும் அவருக்கு நிரல் எழுதித் தரும் கோடிங் ஏஜெண்டும் இதை வைத்து நன்றாக வேலை செய்வார்கள்.

பொருளாளரின் போனில் ஓடும் ஏஜெண்ட் கதை வேறு. அது கேள்வி வந்த அந்த நொடியில் கைநூலைத் தேடிப் படிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. படித்தாலும், பிரிவுகளைப் பற்றிய எச்சரிக்கை ஓர் அத்தியாயத்திலும் விலையை எடுக்கும் முறை இன்னோர் அத்தியாயத்திலும் இருக்கும். மனிதர்களுக்கு எழுதும்போது அப்படித்தான் எழுதுவோம். கைநூல் இருக்கட்டும், மனிதர்களுக்கு அது வேண்டும். ஏஜெண்டுக்கு இது போதாது.

ஓப்பன்ஏபிஐ கொஞ்சம் பெரிய விஷயம். ஸ்வாகர் என்ற பெயரில் தொடங்கி, பிறகு லினக்ஸ் பவுண்டேஷனின் கீழ் வந்து, இன்று ஏபிஐகளை விவரிக்கும் பொது முறையாகிவிட்டது. 2021இல் வந்த 3.1 பதிப்பு, தரவின் வடிவத்தை விவரிக்கும் ஜேசன் ஸ்கீமாவோடு ஒத்துப்போகிறது. இதன் பலம் வடிவத்தைக் கறாராகச் சொல்வது. ஏலப் பிரிவு என்ற இடத்தில் இன்ன இன்ன மதிப்புகள்தான் வரலாம் என்று பட்டியல் போட்டுவிட்டால் ஏஜெண்ட் "ஹட்டன்" என்று அனுப்ப முடியாது; பிழை வரும். அந்த அடைப்பு நல்லது.

பலவீனம் பழக்கத்தில் இருக்கிறது. விளக்கம் எழுத இடம் உண்டு, ஆனால் அந்த இடத்தைப் பெரும்பாலும் யாரும் நிரப்புவதில்லை. "தேதி: தேதி", "விலை: விலை" என்று எழுதிய கோப்புகளை எத்தனையோ பார்க்கலாம். இன்னொன்று, எங்கள் ஏபிஐயின் பாதைகள் இணையப் பக்கத்தின் வசதிக்காக உடைக்கப்பட்டவை. ஏலப் பட்டியலுக்கு ஒன்று, தரப் பட்டியலுக்கு ஒன்று, விலைக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று. ஓப்பன்ஏபிஐ கோப்பை அப்படியே ஏஜெண்ட் டூல்களாக மாற்றும் மென்பொருள்கள் உண்டு. மாற்றினால் ஒவ்வொரு பாதையும் ஒரு டூலாகும். ஒரு விலை சொல்ல ஏஜெண்ட் மூன்று தடவை கூப்பிட வேண்டும், மூன்று இடத்தில் பிழை வர வாய்ப்பு. கொழும்பில் ஒரு வங்கியோ தரகர் நிறுவனமோ உங்கள் கருவியை வாங்கித் தன் மென்பொருளில் இணைக்கப் போகிறது என்றால் ஓப்பன்ஏபிஐதான் முதலில் வேண்டும். எங்கள் நிலை அதுவல்ல.

எம்.சி.பி. விளக்கம்

2024 நவம்பரில் அந்த்ரோபிக் வெளியிட்ட முறை இது. அடுத்த ஆண்டே ஓப்பன்ஏஐயும் கூகுளும் ஏற்றுக்கொண்டன. ஆகவே ஒரு கம்பனியின் ஏஜெண்டுக்கு மட்டும் எழுதுகிறோமோ என்ற பயம் குறைவு. ஒவ்வொரு டூலுக்கும் பெயர், விளக்கம், என்ன உள்ளீடு வேண்டும் என்ற ஸ்கீமா ஆகியவை உண்டு. ஏஜெண்டை ஓட்டும் மென்பொருள் வழக்கமாக இவற்றை மொடலின் (ஏஜெண்டுக்குள் யோசிக்கும் மொழி மாதிரியின்) முன் முதலிலேயே வைத்துவிடும். கேள்விக்குப் பதில் யோசிக்கும் முன்னரே டூலின் விளக்கம் அதன் கண்ணில் இருக்கும். நான் தேடிய "தப்ப முடியாத இடம்" இதுதான்.

இதற்கும் விலை உண்டு. விளக்கத்தில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வோர் உரையாடலிலும் டோக்கனாக (மொடல் எழுத்தைத் துண்டாக்கிக் கணக்கிடும் அலகு) எண்ணப்படும், பங்கு விலை மட்டும் கேட்பவருக்கும் தேயிலை விளக்கம் ஏறும். கைநூல் முழுவதையும் இங்கே கொட்ட முடியாது. எதைச் சொல்லாவிட்டால் பிழையான எண் சரியான எண் போல வெளியே போகுமோ, அதை மட்டும் இங்கே எழுத வேண்டும்.

பலர் எழுதும் விளக்கம் இப்படி இருக்கும்: "தேயிலை விலையைத் தரும்." நான் எழுதுவது இது (உண்மையில் ஆங்கிலத்தில் எழுதுகிறேன், காரணம் பிறகு):

"கொழும்பு வாராந்தத் தேயிலை ஏலத்தின் மொத்தச் சராசரி விலை. அலகு: கிலோவுக்கு இலங்கை ரூபா. கடை விலை அல்ல, பச்சைக் கொழுந்தின் விலையும் அல்ல. பிரிவு என்பது ஏலப் பிரிவு, நிர்வாக மாவட்டம் அல்ல. ஹட்டன், தலவாக்கலை, டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்றால் வெஸ்டர்ன். அதன் மூன்று உட்பிரிவுகளையும் சொல். கேட்பவர் மாவட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால், எந்த ஊர்ப் பக்கம் என்று கேள். கம்பனிப் பங்கின் விலைக்கு இந்த டூல் வேண்டாம்."

கடைசி வரி வீணாகச் சேர்த்தது அல்ல. பி.ஓ.பி. என்பது தேயிலைத் தரம். பி.ஓ.பி.எல். என்பது பங்குச் சந்தையில் பொகவந்தலாவைக் கம்பனியின் குறியீடு. மத்திய வங்கி அறிக்கையைப் படித்த மொடலுக்கு அதே மூன்றெழுத்து சென்மதி நிலுவையையும் (நாட்டின் வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கல் கணக்கு, அதன் ஆங்கிலச் சுருக்கமும் அதேதான்) ஞாபகப்படுத்தும். "பி.ஓ.பி. ஏறியதா?" என்று ஒருவர் கேட்டால் எந்த டூலுக்குப் போவது என்பதை விளக்கம்தான் தீர்த்து வைக்க வேண்டும்.

"மொத்தச் சராசரி" என்பதையும் விடக் கூடாது. சிறுதோட்டக்காரருக்குக் கொழுந்து விலை கணிப்பது விற்பனைச் செலவைக் கழித்த நிகரச் சராசரியை வைத்து. மொத்தச் சராசரியைக் கொடுத்துக் கொழுந்துக் கணக்குப் போட்டால் சங்கக் கூட்டத்தில் சண்டைதான்.

டூல்களின் எண்ணிக்கையைக் குறைவாக வைப்பதும் ஆவணத்தின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன். ஏல விலை, பங்கு விலை, பொருளாதாரத் தொடர்கள் என்று மூன்று போதும். ஒன்றுக்கொன்று சாயலான பத்து டூல்களை வைத்துவிட்டு எவ்வளவு நன்றாக விளக்கினாலும் ஏஜெண்ட் தடுமாறும்.

ஸ்கில்

2025 ஒக்டோபரில் அந்த்ரோபிக் கொண்டுவந்த இந்த வழியில் ஒரு கோப்புறைக்குள் ஒரு மார்க்டவுன் கோப்பு இருக்கும். தலையில் பெயரும் ஒரு சின்ன விளக்கமும், கீழே முழு வழிமுறை. ஏஜெண்ட் தொடக்கத்தில் தலையை மட்டும் படிக்கும், தேவை என்று பட்டால் மீதியைத் திறக்கும். டோக்கன் மிச்சம். நீளமான செய்முறையை எழுத இதைவிட நல்ல இடம் இல்லை.

எங்களிடம் அப்படியான செய்முறை ஒன்று உண்டு: ஏல விலையை டொலராக்குவது. பார்வைக்குச் சின்ன வேலை. 2022 பெப்ரவரியில் டொலர் சுமார் 200 ரூபா. மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள், மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டிவிட்டது. அந்தப் பெப்ரவரியில் கிலோ 800 ரூபாவுக்குப் போன தேயிலை 4 டொலர். அதையே 300 ரூபா வீதத்தில் மாற்றினால் 2 டொலர் 67 சதம். ஏஜெண்டைச் சும்மா விட்டால் அநேகமாக இன்றைய வீதத்தைத்தான் எடுக்கும், ஏனென்றால் அதுதான் முதலில் கிடைக்கும். ஏலம் நடந்த நாளின் வீதத்தை எடு, ஏலம் இரண்டு நாள் என்றால் இரண்டின் சராசரியை எடு, எந்த வீதம் என்பதைப் பதிலிலும் சொல் என்று படிப்படியாக எழுத ஸ்கில் பொருத்தம்.

ஆனால் ஸ்கிலை எல்லா ஏஜெண்டும் ஏற்பதில்லை. ஏற்றாலும் திறப்பது அதன் விருப்பம். ஆகவே திறக்காவிட்டால் நட்டம் வரும் எதையும் இங்கே மட்டும் வைக்கக் கூடாது. என் கணக்கில் ஸ்கில் இரண்டாவது இடத்தில் வரும் துணை, தலை அல்ல.

பதிலுக்குள் எழுதும் ஆவணம்

நாலு வழிகளையும் ஒப்பிடும்போது பலர் விட்டுவிடும் ஐந்தாவது இடம் ஒன்று உண்டு: கருவி திருப்பித் தரும் பதில். ஏஜெண்ட் விளக்கத்தை மறக்கலாம், ஸ்கிலைத் திறக்காமல் விடலாம். தான் கேட்டு வாங்கிய பதிலைப் படிக்காமல் விடாது. நிதித் தரவுக்கு இதுதான் மிகப் பலமான இடம்.

விலைவாசிச் சுட்டெண்ணை எடுங்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு (சுட்டெண்ணை 100 என்று வைக்கும் ஆண்டு) முன்பு 2013, 2023 ஜனவரியிலிருந்து 2021. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம் என்று எல்லாரும் சொல்லும் எண் பழைய அடிப்படையில் வந்தது. பழைய தொடரின் ஒரு சுட்டெண்ணையும் புதிய தொடரின் ஒரு சுட்டெண்ணையும் எடுத்து வகுத்தால் அர்த்தமில்லாத ஒரு சதவீதம் வரும், அதையும் ஏஜெண்ட் கூசாமல் சொல்லும். கைநூலில் அதை எழுதி என்ன பயன்? ஒவ்வொரு எண்ணோடும் "அடிப்படை ஆண்டு 2021" என்று சேர்த்து அனுப்ப வேண்டும். கேட்ட காலம் இரண்டு அடிப்படைகளில் விழுந்தால் "தொடர் இங்கே உடைகிறது, சேர்த்துக் கணிக்க வேண்டாம்" என்று பதிலிலேயே ஒரு குறிப்பும் போக வேண்டும். இன்னொரு குறிப்பும்: இந்தச் சுட்டெண் கொழும்பு மாவட்ட நகரக் குடும்பங்களின் செலவை வைத்தது. பதுளையிலோ மஸ்கெலியாவிலோ இருப்பவர் "நம்ம செலவு எவ்வளவு கூடிச்சு?" என்று கேட்டால் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்தான் கொஞ்சமாவது பொருந்தும்.

கொள்கை வட்டி வீதமும் இப்படித்தான். 2024 நவம்பர் 27இலிருந்து மத்திய வங்கி ஓரிரவு கொள்கை வீதம் என்ற ஒரே வீதத்துக்கு மாறியது, 8 சதவீதத்தில் தொடங்கியது. அதற்கு முன் துணைநில் வைப்பு வசதிக்கு ஒன்று, கடன்வழங்கல் வசதிக்கு ஒன்று என்று இரண்டு வீதங்கள். "2023இல் கொள்கை வீதம் என்ன?" என்றால் ஒரே எண் இல்லை என்பதே சரியான பதில். கருவி இரண்டையும் பெயரோடு கொடுத்தால் ஏஜெண்டும் இரண்டையும் சொல்லும்.

அப்புறம் வெறுமை. பங்குச் சந்தை சனி, ஞாயிறு இல்லை. போயா தினத்திலும் இல்லை. பௌர்ணமிக்குச் சந்தை மூடும் நாடுகள் அதிகம் இல்லை என்பதால் பிற ஊர்த் தரவில் பழகிய ஏஜெண்ட் இதை எதிர்பார்க்காது. போயா அன்று விலை கேட்டால் வெறும் பட்டியல் திரும்பி வரும். வெறும் பட்டியலைப் பார்த்த ஏஜெண்ட் "அந்தக் கம்பனி பட்டியலில் இல்லை" என்று சொல்லலாம், "வர்த்தகம் இடைநிறுத்தப்பட்டுள்ளது" என்றுகூடச் சொல்லலாம். பின்னது ஒரு வதந்தியைக் கிளப்பப் போதும். அதற்குப் பதிலாகக் கருவி இப்படிச் சொல்ல வேண்டும்: "இந்த நாள் போயா விடுமுறை. சந்தை இல்லை. கடைசி வர்த்தக நாள் இது, அன்றைய முடிவு விலை இது." பிழைச் செய்தி எழுதுவதை ஆவண வேலையாக நினைத்து உட்கார்ந்து எழுதினால்தான் இது வரும்.

நேரத்தைச் சொல்லாமல் விட முடியாது. நமது நேரம் உலகப் பொது நேரமான யூடிசியிலிருந்து ஐந்தரை மணி முன்னால். செவ்வாய் ஏலத்தை "செவ்வாய் நள்ளிரவு" என்று தரவுத்தளத்தில் வைத்து யூடிசியில் அனுப்பினால் அது திங்கள் மாலை 6.30 ஆகிவிடும். ஏஜெண்ட் திங்கட்கிழமை ஏலம் என்று சொல்லும். நாள் மட்டும் தேவையான இடத்தில் நாளை மட்டும் அனுப்புங்கள், மணியே வேண்டாம்.

தமிழிலா ஆங்கிலத்திலா?

கேட்பவர்கள் தமிழில் கேட்கிறார்கள், ஆவணமும் தமிழில் இருந்தால் என்ன என்று நியாயமாகவே கேட்கலாம். நான் விளக்கத்தை ஆங்கிலத்தில்தான் வைப்பேன். இன்றைய மொடல்களில் அதே விஷயம் தமிழில் கூடுதல் டோக்கன் பிடிக்கும். விளக்கமோ எல்லா உரையாடலிலும் ஏறும் சரக்கு. தமிழில் கேட்டதை ஆங்கில விளக்கத்தோடு பொருத்துவது மொடலுக்குப் பெரிய பாடு இல்லை.

தமிழ் தேவைப்படுவது பெயர்களில். ஹட்டன் என்றும் ஹற்றன் என்றும் எழுதுவார்கள். "பீஓபீ", "பி ஓ பி", "உயர்நிலம்", "மலைநாட்டுத் தேயிலை", "ஹைகுரோன்" எல்லாம் வரும். இவற்றை விளக்கத்தில் அடுக்காமல் கருவியின் நிரலுக்குள் ஒரு பட்டியலாக வைத்து, எந்த எழுத்தில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளச் செய்வது மலிவு. அதோடு பதிலில் வரும் அலகையும் குறிப்பையும் தமிழிலும் சேர்த்து அனுப்பினால், ஏஜெண்ட் "மொத்தச் சராசரி" என்பதற்குத் தன் கற்பனையில் ஒரு தமிழ்ப் பெயர் வைக்காமல் இருக்கும்.

எங்கள் முடிவு

எம்.சி.பி. தலை. மூன்று டூல், இறுக்கமான விளக்கம், அதைவிடக் கவனமாக எழுதிய பதில் குறிப்புகள். டொலர் கணக்குக்கு ஒரே ஒரு ஸ்கில். ஓப்பன்ஏபிஐ கோப்பைக் கையால் எழுதுவதில்லை, நிரலிலிருந்து தானாக வரட்டும். கைநூல் மனிதர்களுக்கு மட்டும்.

உங்கள் நிலை வேறாக இருந்தால் முடிவும் மாறும். கருவியை உங்கள் குழுவே ஒரு கோடிங் ஏஜெண்ட் மூலம் பாவிக்கிறது என்றால் எம்.சி.பி. சர்வர் போட்டு மெனக்கெட வேண்டாம். கட்டளை வரியில் நல்ல உதவித் திரையும், நிரல் களஞ்சியத்தில் ஏஜெண்டுக்கான குறிப்புகள் எழுதிய ஏஜெண்ட்ஸ் மார்க்டவுன் கோப்பு ஒன்றும் போதும்.

ஒரு விஷயத்தை எந்த ஆவணத்தாலும் செய்ய முடியாது. "தரவை மாற்றாதே", "பங்கு வாங்கச் சொல்லாதே" என்று விளக்கத்தில் எழுதுவது பூட்டு ஆகாது. கருவிக்கு வாசிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். சாவிகளையும் கடவுச்சொற்களையும் விளக்கத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தரவின் மறுவெளியீட்டு உரிமையையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் பங்கு விலையில் நேரலையைத் தொடாமல் நாள் முடிவு விலையோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான்.

எழுதிய விளக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க, விடை தெரிந்த கேள்விகள் இருபது முப்பதை ஒரு கோப்பில் வைத்து, ஒரு வசனம் மாற்றினாலும் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். கேள்விகளை நிரல் எழுதுபவர் எழுதக் கூடாது. கொழுந்துக் கணக்குப் பார்ப்பவரிடமும் சங்கப் பொருளாளரிடமும் கேட்டு, அவர்கள் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "போன சேல்ல நம்ம பக்கம் எப்படி?" (சேல் என்றால் ஏலம்) என்ற கேள்வியை ஒரு புரோகிராமர் தானாக யோசித்து எழுதமாட்டார்.